லெப்பை என்றால் இழிவா?

(திண்டுக்கல்லில் மஹல்லா ஜமாஅத் பொறுப்பாளர்கள் மத்தியில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

 

உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து, பிள்ளையின் சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழ் பேசும் முஸ்லிம் வீடு என்றால் அநேகமாக அதில் 'லெப்பை' என்ற சொல் இருக்கும். நம் திண்டுக்கல் சமவெளியில், பழனி, வத்தலக்குண்டு பக்கங்களில், ராவுத்தர் குடும்பங்கள்தாம் மிகுதி. ஆனால் அரசாங்கத்தின் பட்டியலில் ராவுத்தருக்கும் மரக்காயருக்கும் தனித் தலைப்பு கிடையாது. "லெப்பை, ராவுத்தர், மரக்காயர் உட்பட" என்பதுதான் தலைப்பு.

இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். "நாங்கள் ராவுத்தர், எங்களை ஏன் லெப்பை என்று எழுதுகிறீர்கள்?" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் கோபப்படுபவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவருடைய கோபம் எழுத்துப் பிழையைப் பற்றியதல்ல. லெப்பை என்றால் ஒரு படி கீழே என்று அவர் மனம் நினைக்கிறது. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? அந்தச் சொல்தான் எங்கிருந்து வந்தது? சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு

ஹஜ்ஜுக்குச் சென்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இஹ்ராம் கட்டியது முதல் நாவில் ஓடிக்கொண்டிருக்கும் சொல் 'லப்பைக்'. "இதோ வந்துவிட்டேன், உன் அழைப்புக்குப் பதில் தந்தேன்" என்பது அதன் பொருள். இறைவனுக்கு மட்டும் சொல்லும் சொல் என்று நினைக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் பெயர் சொல்லி அழைத்தபோது முஆத் (ரலி) அவர்கள் இந்தச் சொல்லைக் கொண்டே பதில் தந்தார்கள் என்பது ஹதீஸ் ஓதிய எவருக்கும் தெரியும். அரபுகளிடம் மரியாதையோடு 'என்ன?' என்று கேட்கும் விதம் அது.

இலக்கண ஆசிரியர்கள் இன்னொரு நுட்பமும் சொல்வார்கள். இதன் வேர்ச்சொல்லுக்கு ஓரிடத்தில் அசையாமல் தங்குதல் என்று பொருள். 'லப்பை' என்ற பகுதி இரட்டையைக் குறிக்கும். கடைசியில் வரும் 'க' என்பது 'உனக்கு' என்று முன்னால் இருப்பவரைச் சுட்டும். அப்படியானால், "நீ அழைக்க அழைக்க, இடம் பெயராமல் உன் சேவையில் நிற்கிறேன்" என்று முழுப் பொருள் கிடைக்கிறது.

இந்தச் சொல்லிலிருந்துதான் 'லெப்பை' வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தமிழில் லகரம் சொல்லின் முதலில் வராது அல்லவா? ஆகவே பழைய எழுத்துகளில் 'இலப்பை', 'இலெப்பை' என்றும் காண்கிறோம். அரபிச் சொல் தமிழ் மண்ணில் இறங்கி, தமிழ் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்திருக்கிறது!

ஒரு மரபுக் கதையும் உண்டு. ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ் பின் யூசுபின் கொடுமைக்கு அஞ்சி ஹாஷிம் குலத்தார் சிலர் கப்பலேறினார்களாம். மேற்குக் கரையில் இறங்கியவர்கள் நவாயத்துகள் ஆனார்களாம். குமரிமுனைக்குக் கிழக்கே இறங்கியவர்கள் லெப்பைகள் ஆனார்களாம். மைசூர் வரலாறு எழுதிய கர்னல் வில்க்ஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பதிந்து வைத்தார். ஹஜ்ஜாஜ் இறந்தது கி.பி. 714இல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய கதையை வைத்துக்கொண்டு, "நாங்கள் நேரே அரபு வம்சம்" என்று மார்தட்ட முடியுமா? கடல் வணிகம் உண்மை. காயலில் அரபுக் குதிரைகள் இறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியிருப்பது உண்மை. ஆனால் ஒரு பெயர் வம்சத்துக்குப் பட்டயம் ஆகாது.

ராவுத்தர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அரபியே அல்ல. குதிரை வீரனைக் குறிக்கும் இந்நாட்டுச் சொல். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே இராவுத்தன் என்று பாடியிருக்கிறார். நம் பழனி மலையில் இருக்கும் முருகனுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது என்றால், அது தொழிலின் பெயர்தானே தவிர இரத்தத்தின் பெயர் அல்ல. லெப்பையும் அப்படித்தான். ஒன்று குதிரை ஏறியவரின் பெயர். மற்றது அழைத்தவுடன் வந்து நின்றவரின் பெயர். இதில் எது உயர்வு, எது தாழ்வு?

கடல் கடந்த பெயர்

இந்தப் பெயர் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) வாழ்ந்தார்கள். அரபியிலும், அரபு எழுத்தில் எழுதும் தமிழாகிய அர்வியிலும் நூல்கள் இயற்றிய மாமேதை. அங்கே லெப்பை என்பது கல்வியின் அடையாளம். வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் லெப்பை என்றால் தோல் வணிகக் குடும்பங்களும் நினைவுக்கு வரும். அவர்களில் பலர் வீட்டிலே உருது பேசுகிறார்கள். அரசுப் பட்டியலில் "பேசும் மொழி தமிழானாலும் உருதானாலும்" என்று ஒரு வாசகம் இருப்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

இலங்கைக்குப் போனால் அது முழுக் குடும்பப் பெயராகவே ஆகிவிடுகிறது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை (1838–1898) வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' ஏட்டைத் தொடங்கியவர். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலைத் தந்தவர். நம் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் மறைந்த அதே 1898இல் அவரும் மறைந்தார். கிழக்கு மாகாணத்தில் ஆதம்லெப்பை, மீராலெப்பை, உதுமாலெப்பை என்று பெயரின் வாலாகவே ஒட்டிக்கொண்டு வரும். பேச்சில் 'லெவ்வை' ஆகிவிடும். அங்குள்ள எவரும் இந்தப் பெயருக்காகத் தலைகுனிவதில்லை.

மலாய் மொழியில் 'லெபாய்' என்றால் மார்க்கப் பற்றுள்ளவர், பள்ளிவாசல் பணி செய்பவர். தமிழ் முஸ்லிம்கள் கொண்டுபோன சொல் அது. 'லெபாய் மாலாங்' என்று ஒரு மலாய் நாட்டுப்புறக் கதை இருக்கிறது. ஒரே நாளில் பல விருந்துகளுக்கு அழைப்பு வந்து, எதற்குப் போவது என்று தடுமாறி, எதுவுமே கிடைக்காமல் வீடு திரும்பும் அப்பாவி லெபாயின் கதை! மேற்கு ஜாவாவில் கிராமத்தின் திருமணக் காரியங்களைப் பார்ப்பவருக்கு 'லெபே' என்று பெயர். நம் மரக்காயரும் அங்கே சென்று பினாங்கில் 'மெரிக்கன்' ஆனார். இலங்கையில் 'மரிக்கார்' ஆனார். ஆக, மக்கா வழியில் ஒலிக்கும் ஒரு பதில், நம் கரையில் பெயராகி, அங்கிருந்து கப்பலேறி ஜாவா வரை போயிருக்கிறது.

குடும்பப் பெயர் நம் வழக்கமா?

அரபுகள் ஒருவரைத் தகப்பன் பெயரோடு 'பின்' போட்டு அழைப்பார்கள். ஊர், குலம், தொழில் சேர்த்தும் அழைப்பார்கள். குரைஷி, அன்சாரி, சித்தீக்கி எல்லாம் அப்படி வந்தவை. கேரளத்துத் தங்ஙள் குடும்பங்களில் ஏமன் நாட்டு ஹளரமவுத்தின் குடும்பப் பெயர்கள் அப்படியே நிலைத்திருக்கின்றன. 1972இல் காயிதே மில்லத் அவர்கள் மறைந்த பின் முஸ்லிம் லீகின் தலைமையை ஏற்ற அப்துர்ரஹ்மான் பாஃபகி தங்ஙளின் 'பாஃபகி' அத்தகைய பெயர்தான்.

நாம் என்ன செய்கிறோம்? தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம், நம் பெயரை எழுதுகிறோம், முடிந்தது. இது தமிழ்நாட்டு வழக்கம். ஆனால் சற்று யோசியுங்கள். மனிதர்களை அவரவர் தகப்பன் பெயராலேயே அழையுங்கள், அதுவே நீதி என்று திருக்குர்ஆன் (33:5) கற்பிக்கிறது. இனிஷியல் போடும் நம் வழக்கமும் அதே காரியத்தைத்தான் செய்கிறது! வடநாட்டாருக்கு இருப்பது போல் நமக்குக் குடும்பப் பெயர் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

இழிவு எப்படி நுழைந்தது?

இத்தனை மதிப்புள்ள பெயர் நம் கிராமங்களில் ஏன் தாழ்ந்தது? இதற்குப் பதில் நம் பள்ளிவாசல் வாசலிலேயே இருக்கிறது.

ராவுத்தர் ஊர்களில் லெப்பை என்றால் யார்? பாங்கு சொல்பவர். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர். ஆடு அறுக்க அழைத்தால் வருபவர். நிக்காஹ் தஃப்தரைச் சுமந்து வருபவர். நடுச்சாமத்தில் மவுத்துச் செய்தி வந்தாலும் எழுந்து வந்து ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபன் இட்டு, கப்று வரை கூடவே வருபவர். அழைத்த குரலுக்கெல்லாம் "இதோ வந்துவிட்டேன்" என்று வந்து நிற்பவர். பெயரின் பொருளை வாழ்ந்து காட்டுகிறவர் அவர்தான்!

அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்தோம். கல்யாணப் பந்தியில் கடைசி இடம் கொடுத்தோம். பெண் கேட்டு வந்தால் "அவர்கள் லெப்பை வீடு" என்று தலையாட்டி அனுப்பினோம். வேலையின் பெயரைச் சாதியின் பெயர் ஆக்கினோம். 'அத்தா' என்று அழைக்கும் வீடு, 'வாப்பா' என்று அழைக்கும் வீட்டில் சம்பந்தம் செய்யாது என்றோம். மக்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்று இறைமறை (49:13) சொல்கிறது. நாமோ ஒருவரையொருவர் ஒதுக்கிவைக்க அதைப் பயன்படுத்தினோம். மேடையில் சமத்துவம் பேசுகிறோம். பெண் பார்க்கும்போது கோத்திரம் கேட்கிறோம். இது நியாயமா?

காகிதம் என்ன சொல்கிறது?

இனி சான்றிதழுக்கு வருவோம். 1927இன் வகுப்புவாரி ஆணையில் முஸ்லிம்கள் என்று ஒட்டுமொத்தமாக இடம் இருந்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அம்முறை செல்லாது என்றது. பிற்பாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பிரிவின் பெயரால்தான் நமக்கு இடம் கிடைத்தது. 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்குரிய 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. அதற்குரியவர்கள் ஏழு பிரிவினர்: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரக்காயரும் அடங்கிய லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெருமைக்காக வெறும் 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பெயரில் எந்தப் பிரிவும் பட்டியலில் இல்லை. கல்லூரி வாசலில் பிள்ளை தவிக்கும். எந்தப் பெயரைக் கேட்டு நாம் முகம் சுளித்தோமோ, அந்த லெப்பையின் நிழலில்தான் நம் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறது!

புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. எந்தப் பிரிவு என்று எழுதுவது என்ற கேள்வியில் வேலை வாய்ப்பை இழந்தவர் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2022 டிசம்பரில் பாதகமாகவே முடிந்தது. 2024 மார்ச்சில்தான், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட வகுப்புகளிலிருந்து வருவோரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டது.

வெளிநாடு செல்வோருக்கும் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. நமக்கு எளிய வழி இருக்கிறது: குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் தகப்பனாரின் பெயரை முழுமையாக எழுதுங்கள். ஒரு தாளில் லெப்பை, மறுதாளில் ராவுத்தர் என்று குழப்பாதீர்கள்.

செய்ய வேண்டியவை

ஜமாஅத் பொறுப்பாளர்களே! உங்கள் மஹல்லாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். படித்த இளைஞர்களை உட்கார வையுங்கள். ஒவ்வொரு வீட்டின் பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரிலோ பிரிவிலோ மாறுபாடு இருந்தால், பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதுவதற்கு முன்பே திருத்துங்கள்.

உங்கள் பள்ளிவாசலில் பணி செய்யும் லெப்பைக்கு மாதச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் அவரைப் பதிவு செய்துவிட்டீர்களா என்று இன்றே கேளுங்கள். பந்தியில் அவரை முதலில் அமர்த்துங்கள்.

சம்பந்தம் பேசும்போது பிள்ளையின் தீனையும் குணத்தையும் கேளுங்கள். "லெப்பையா, ராவுத்தரா?" என்ற கேள்வியைத் தாலுகா ஆபீஸோடு விட்டுவிடுங்கள். அரசாங்கத்தின் தாளில் நாம் ஒரே தலைப்பின் கீழ் நிற்கிறோம். பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்கிறோம். நிக்காஹ் மேடையில் மட்டும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்?

சிந்தியுங்கள், செயல்படுங்கள்.