பிரெந்தானோவின் நூலும் கிப்சனின் படமும்

இயேசுவின் வாழ்வைச் சொல்லிச் சர்ச்சைக்குள்ளான திரைப்படங்கள் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். 1927இல் டிமில் எடுத்த ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ படத்துக்கு யூத அமைப்புகள் தெரிவித்த எதிர்ப்பையோ, பசோலினியின் 1964ஆம் ஆண்டு மத்தேயு படத்தின் சிறப்பையோ இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. அவை அடுத்த அமர்வுகளில் விரிவாக வரும். நம் ஆய்வுகளில் கேள்வியின்றி நிலைத்துவிட்ட ஒரு பாகுபாட்டை மறுக்கவே இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன். ஸ்கார்செசியின் ‘த லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ (1988) நற்செய்தியை மீறியது, மெல் கிப்சனின் ‘த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்’ (2004) நற்செய்தியை ஒட்டியது என்பதே அந்தப் பாகுபாடு.

ஸ்கார்செசி படம் தொடங்கும்போதே, தான் நற்செய்தி நூல்களை அடிப்படையாகக் கொண்டதல்ல, எழுத்தாளர் கசான்சாகிஸின் புனைவை அடிப்படையாகக் கொண்டது என்று திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது. அப்படியிருந்தும் பாரிஸில் அதைத் திரையிட்ட சேன் மிஷேல் திரையரங்குக்குத் தீ வைத்தார்கள். சிலி நாடு படத்தைத் தடை செய்தது. அந்தத் தடை கருத்துரிமையை மீறியது என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. கிப்சன் படமோ ஏசாயா வசனத்தோடு தொடங்குகிறது. ஆனால் அதில் வரும் பல காட்சிகள் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. கைதான இயேசுவைக் காவலர்கள் பாலத்திலிருந்து சங்கிலியோடு கீழே தள்ளுகிறார்கள். சாட்டையடி முடிந்ததும், உரோமை ஆளுநர் பிலாத்துவின் மனைவி கொடுத்த வெண்துணிகளால் இயேசுவின் தாய் மரியா தரையில் சிந்திய இரத்தத்தைத் துடைக்கிறார். பிலாத்துவின் மனைவிக்கு மத்தேயு கொடுத்தது ஒரே ஒரு வசனம். அங்கே அவருக்குப் பெயர்கூட இல்லை.

இந்தக் காட்சிகளின் ஊற்று, ஜெர்மானியத் துறவி ஆன் காதரீன் எம்மெரிக் கண்ட ஆன்மிகக் காட்சிகள் என்று 1833இல் வெளியான நூல். ட்யூல்மென் ஊரில் நோயுற்றுக் கிடந்த அவர் சொல்லக் கேட்டு அதை எழுதியவர் கிளெமென்ஸ் பிரெந்தானோ. கவிஞரான அவர் தம் கற்பனையையும் படிப்பையும் அதில் எவ்வளவு கலந்தார் என்பது இன்றுவரை தீராத கேள்வி. 2004 அக்டோபரில் எம்மெரிக்குக்கு அருளாளர் பட்டம் வழங்கிய திருச்சபை, அவருடைய வாழ்க்கையைத்தான் சான்றாகக் கொண்டதே தவிர இந்த நூலை அல்ல. திருச்சபையே ஒதுக்கிவைத்த நூல், நற்செய்தியின் பெயரால் கோடிக்கணக்கானோர் கண்முன் ஓடியது. நம் ஆய்வுக் கட்டுரைகளில் இந்நூல் பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கிப்சன் படத்தின் மெய்ம்மைக்கு அதில் ஒலிக்கும் அரமேய மொழியைச் சான்று காட்டும் அறிஞர்களின் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. கிழக்கு மாகாணங்களில் உரோமை அதிகாரிகள் மக்களோடு பேசப் பெரிதும் பயன்பட்டது கிரேக்கம். படத்திலோ பிலாத்துவும் இயேசுவும் இலத்தீனில் பேசுகிறார்கள். பழைய மொழி காதில் விழுவதாலேயே காட்சி வரலாறாகிவிடாது.

நற்செய்தி சாட்டையடியைச் சில சொற்களில் முடிக்கிறது, திரைப்படம் எதையாவது சேர்த்துத்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். சேர்க்கட்டும். இயேசுவின் முகத்தைத் துடைப்பவராகப் படத்தில் வரும் வெரோனிக்காவும் நற்செய்தியில் இல்லை. ஆனால் சிலுவைப் பாதை செய்யும் கத்தோலிக்கருக்கு அவர் மரபில் வந்தவர் என்று தெரிய வழியுண்டு. பிரெந்தானோவின் நூல் அப்படி அறியப்பட்டதன்று. அதோடு, யூதத் தலைவர்களையும் கூட்டத்தையும் கொடூரர்களாகவும் பிலாத்துவை இரக்கமுள்ளவராகவும் தீட்டும் போக்கு அந்நூலில் மிகுதி. மக்கள் இரத்தப்பழியைத் தங்கள்மேல் ஏற்கும் மத்தேயு வசனத்தின் துணைத்தலைப்பைக் கிப்சன் நீக்கினார்; அரமேயக் குரல் ஒலிப்பதிவில் இருந்தது. அந்த ஒரு வசனத்தைப் பற்றி நிறைய எழுதினோம். அதைச் சூழ்ந்த காட்சிகள் எங்கிருந்து வந்தன என்று போதிய அளவு கேட்கவில்லை.

ஆகவே கட்டுரை வாசிக்கவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் படத்தையும் நற்செய்திக்கு உண்மையானது என்று எழுதும் முன், அதன் ஒவ்வொரு காட்சிக்கும் மூலம் எது என்று தேடுங்கள். கிப்சன் படத்தைப் பற்றி எழுதுபவர்கள் மத்தேயுவோடு பிரெந்தானோவையும் முழுமையாகப் படித்துவிட்டு வாருங்கள்.