உறங்காக் குழந்தையும் ஊரார் சொல்லும்

(ஸ்ரீபெரும்புதூரில் நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரவெல்லாம் உறங்காமலும் பகலெல்லாம் அடங்காமலும் பெற்றோரை வருத்தும் குழந்தைகளைக் குறித்துச் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். கல்வி நிதி, மாணவர் விடுதி, விவாகம் ஆகியவற்றையே பேசிப் பழகிய மேடையில் இவ்விஷயத்திற்கும் இடங்கிடைத்தது நமக்குப் பெருமகிழ்ச்சி. இத்துன்பமுள்ள வீடுகள் நம்மவருள் பல. வெளியே சொல்லுவோர் சிலர். சொன்னால் மூத்த பெண்ணின் சம்பந்தத்திற்கு இடையூறு நேருமென்னும் அச்சமே வாயைக் கட்டுகின்றது.

போதாக்குறைக்கு, “தாய் வளர்த்த வளர்ப்பு” என்னும் பழியும் உண்டு. இது நம் திண்ணைகளில் மாத்திரம் பிறந்ததன்று. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் ஆட்டிசம் என்ற நிலையை விவரித்தார். அதன்பின் சில பத்தாண்டுகள், தாயின் அன்புக் குறைவே அதற்குக் காரணமென்று கற்றோரே எழுதிவந்தனர். அத்தகைய மகனொருவனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பார் 1964-இல் ஒரு நூல் வெளியிட்டு அதனை மறுத்தார். அது மூளை வளர்ச்சியிலுள்ள வேறுபாடேயன்றித் தாயின் குற்றமன்றென்பதே இன்று அறிஞர் துணிபு. மேனாட்டார் எறிந்துவிட்ட பழியை நாம் ஏன் இன்னமும் தூக்கிச் சுமக்கவேண்டும்?

இனி, நம்மூர் நிலைமையைப் பார்ப்போம். ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த இத்தலத்தில் முன்பெல்லாம் கோயிற்கதவு சாத்தியதும் ஊரும் அடங்கும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலையும், அவற்றைச் சுற்றி எண்ணிறந்த உதிரிபாக ஆலைகளும் தோன்றியபின், இராப்பொழுதும் வேலைப்பொழுதாயிற்று. பிழைப்பு வந்தது; அதனை நாம் குறை கூறோம். ஆயினும் தகப்பன் ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. நள்ளிரவில் அவர் வந்ததும் குழந்தை விழித்துக்கொள்ளுகிறது, விளையாடுகிறது, ஒரு மணிக்குத் தூங்குகிறது. ஏழு மணிக்குப் பள்ளி வேன் வாசலில் நிற்கிறது. பகலில் தகப்பன் உறங்குவதற்காகக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து மூலையில் உட்காரவைக்கிறோம். அன்றிரவு மறுபடியும் அதே கதை.

மூன்று முதல் ஐந்து வயதுவரை, பகலுறக்கம் உட்பட, நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் வேண்டுமென்று அமெரிக்க உறக்க வைத்தியச் சங்கத்தார் 2016-இல் வரையறுத்தனர். உறக்கங்கெட்ட பெரியவர் சோர்ந்து விழுவர். குழந்தையோ பெரும்பாலும் சோர்வதில்லை. துள்ளும், கத்தும், கடிக்கும், கவனஞ் சிதறும். துஷ்டத்தனமென்று நாம் அடிப்பதிற் சில வெறும் உறக்கப் பசியே. பள்ளியில் உடல் தண்டனையைக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-லேயே விலக்கிவிட்டது. ஆசிரியருக்கு விலக்கியது பெற்றோருக்கு மாத்திரம் அழகாகுமோ?

ஆதலின் முதலில் உடம்பைப் பார்த்தல் வேண்டும். குறட்டையும் வாயால் மூச்சுவிடுதலும் இருந்தால் மூக்கின் பின்னுள்ள அடினாய்டுச் சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம். கீரிப்பூச்சியின் அரிப்பு இராத்திரியிலேதான் மிகும். இரும்புச்சத்துக் குறைந்தால் கால்கள் ஓயாமல் துடிக்கும். இவையெல்லாம் வைத்தியத்தால் தீர்வன. மந்திரித்த கயிறு கட்டுவோர் கட்டுக, வைத்தியரையும் பார்க்க. மருந்துக்கடையிற் கேட்டுவாங்கும் இருமல் மருந்தை உறக்கமருந்தாக ஊட்டுவது மாத்திரம் கூடவே கூடாது.

ஆட்டிசம், கவனக்குறை மிகுதுடிப்பு முதலிய நிலைகளையுடைய குழந்தைகளுக்கு உறக்கக் கேடு பெரிதும் உடன்வருவது. அவர்களுக்கும் ஒழுங்கு பயன்படும். நாள் அதிகம் பிடிக்கும். எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துக. படுக்கைக்கு ஒரு மணி முன்பே கைப்பேசியை அகற்றி விளக்கைத் தணித்து, குளியல், உணவு, கதை என ஒரே வரிசையை நாள்தோறும் கைக்கொள்ளுக. விழித்தெழுந்தால் அதிகம் பேசாது படுக்கைக்கே அழைத்துச் செல்லுக. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய வழக்கத்தை நிறுத்தியதும் அழுகை முதற் சில நாள் தணியாது, ஏறும். நான்காம் நாள் பாட்டி மனமிரங்கிக் கைப்பேசியை நீட்டுவாள். “மூன்று நாள் அழுதால் கிடைக்கும்” என்றல்லவா குழந்தை கற்றுக்கொள்ளும்! ஆதலின் வீட்டார் அனைவரும் ஒருமனப்பட்ட பின்னரே தொடங்குக. காலை ஷிப்டு வாரத்தில் கதை சொல்லித் தூங்கவைப்பது தகப்பன் பங்கு. இரவில் வரும் வாரத்தில் ஓசைப்படாமல் வருவதும் அவர் பங்கே.

இத்தனைக்கும் அடங்காவிடில் ஒளிக்காமல் உதவி நாடுக. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை உண்டு. முட்டுக்காட்டில் மத்திய அரசு 2005-இல் நிறுவிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தையும் மாற்றுத்திறனில் சேர்த்திருப்பதால் சான்றிதழும் சலுகையும் பெறலாம். தாய்க்கே மனந்தளர்ந்தால், 2022-இல் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எந்நேரமும் திறந்திருக்கிறது. பல மாதம் தொடர்ந்து உறங்காதவள் அவளே. நாத்தனாரோ ஓரகத்தியோ வாரத்தில் ஓரிரவு அக்குழந்தையை ஏற்றுக்கொண்டால் அதுவே அவளுக்குப் பேருதவி.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் கூட்டங்கள் இரவு பத்து மணிவரை நீளுவது வழக்கம். இதோ, முன்வரிசையில் மூன்று குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மாதக் கூட்டத்தை மாலை நான்கு மணிக்கே தொடங்குமாறு காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.