பழைய அட்டையும் நம் பிள்ளைகளின் ரோபோவும்



நான் 10-ஆம் வகுப்பு வரை படித்தவள். வீட்டு வேலையும் குழு வேலையும் தெரியும். ரோபோவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிரிக்காதீர்கள். நம்ம பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள், நாமும் தெரிஞ்சுக்கிடணும்.

என் மகள் 8-ஆம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ஆறு பிள்ளைகள் சேர்ந்து, டிவி வந்த அட்டைப்பெட்டி, பழைய நோட்டு அட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, ஒரு கட்டில் அகலத்துக்குச் சுவர் சுவராக நிறுத்தினார்கள். சிக்குக் கோலம் மாதிரி வழி சுற்றிச் சுற்றிப் போகும். வெளியே வர ஒரே வழிதான், மற்றதெல்லாம் முட்டுச்சந்து. புதிர்ப்பாதை என்று பெயர். அதற்குள் ஒரு சின்ன வண்டியை விடுவார்கள். கையால் தள்ளக் கூடாது, ரிமோட்டும் கிடையாது. வண்டி தானே வழி கண்டுபிடித்து வெளியே வரணும்.

வண்டியின் முன்னால் இரண்டு கண் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. அது பார்ப்பதில்லை, கேட்கிறது. நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது சுவரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து, சுவர் எத்தனை சென்டிமீட்டர் தூரம் என்று கணக்குப் போடும். வௌவால் இருட்டில் பறப்பதும் இப்படித்தான். கழுத்தைத் திருப்புவது போல இரண்டு பக்கமும் திரும்பியும் பார்க்கும்.

வண்டிக்கு என்ன செய்யணும் என்று பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வரிசையாக எழுதிக் கொடுக்கிறார்கள். இடப்பக்கம் வழி இருந்தால் திரும்பு. இல்லாவிட்டால் நேரே போ. அதுவும் சுவர் என்றால் வலப்பக்கம் போ. மூன்றும் அடைப்பு என்றால் வந்த வழியே திரும்பு. கரண்டு போன ராத்திரியில், தெரியாத வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வருவோமே, அதே யோசனைதான்.

1950-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர், 25 கட்டம் உள்ள பாதையில் ஓடுகிற இயந்திர எலி ஒன்றைச் செய்தார். முதல் தடவை முட்டி மோதி வழி கண்டுபிடிக்கும். இரண்டாம் தடவை முட்டாமல் நேரே போய்விடும். இன்றைக்கு 256 கட்டம் உள்ள பாதையில் இந்த எலிப் போட்டி பல நாடுகளில் நடக்கிறது.

எங்கள் பிள்ளைகளின் வண்டி மூன்றாவது திருப்பத்தில் போய்ப் போய் நின்றது. டீச்சர் விடையைச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்கள். வரியில் தப்பில்லை. அப்புறம் சக்கரத்தைப் பார்த்தால், ஒன்று மற்றதைவிட மெதுவாகச் சுற்றுகிறது. அதைச் சரிக்கட்டினதும் வண்டி வெளியே வந்துவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு நம்ம கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. சந்தா வரவும் கையிருப்பும் ஒத்துவராத அன்றைக்கு நாம் யாரையும் திருடி என்று சொல்வதில்லை. உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். அந்தப் பொறுமை 13 வயதில் வந்துவிட்டால் எவ்வளவு நல்லது!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலை சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு நடந்தது. ஆறு பேரில் மூன்று பேர் பெண் பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளை நாலு நாளில் நின்றுவிட்டாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவள். இலை நறுக்க, மடக்கிக் கொடுக்க மகள் இல்லாவிட்டால் அன்றைய கணக்கு முடியாது. கணக்கு முடியாவிட்டால் கூலி குறையும். அந்த அக்காவைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கு? “பொட்டப்பிள்ளைக்கு வண்டி விட்டு என்ன ஆகப்போவுது” என்று தெருவில் பேசினதும் சேர்ந்துகொண்டது.

எங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். வாரம் இரண்டு நாள் குழுவில் இருந்து ஒருத்தி போய் அந்த அக்காவுக்கு இலை நறுக்கிக் கொடுப்பது, பிள்ளைகளை முறை வைத்துக் கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தோம். ஒரு ரூபாய் செலவில்லை. பிள்ளை திரும்ப வந்தாள். அந்தச் சக்கரம் மெதுவாகச் சுற்றுவதைக் கண்டுபிடித்தது அவள்தான்.

அரசாங்கத்திலும் வழி இருக்கிறது. 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தில், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காக, தேர்வாகும் பள்ளிக்கு ஆய்வகம் வைக்கப் பணம் கொடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரை படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலைச் செய்து பார்க்க வைக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் இது உண்டா என்று வாய் திறந்து கேளுங்கள்.

அட்டைப்பெட்டியை அடுப்பில் போடாமல் பள்ளிக்குக் கொடுங்கள். சாயங்காலம் தங்குகிற பெண் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு குழுவும் முறை போட்டுத் துணை போகட்டும். வேலைக்காக நிற்கிற பிள்ளை யார் என்று அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

நாம் முதன்முதலில் குழுவுக்குப் போனபோதும் “பொம்பளைக்குக் கூட்டம் எதுக்கு” என்று கேட்டார்கள். இன்றைக்கு அதே வீடுகளில் நம்மிடம் கடன் கேட்கிறார்கள். நம் மகள்களிடம் அந்தக் கேள்வியை நாமாவது கேட்காமல் இருப்போம்.