தேர்ச்சி விழுக்காடும் கற்றலின் பயனும்

(சிப்பிகாட்டில் ஆற்றிய உரை)



1994-இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு, உயர்கல்வி நிறுவனங்களைப் பல அளவுகோல்களால் மதிப்பிட்டு வந்துள்ளது. கட்டடத்தையும் நூல்களையும் எண்ணிவிடலாம். மாணவர் கற்றதை அவ்வாறு எண்ண இயலாது. ஆகவே கல்லூரிகள் சில, தேர்ச்சி விழுக்காட்டையே கற்றலின் பயனாகக் காட்டிவிடுகின்றன. இது போதாது.

சான்று இவ்வூரிலேயே உள்ளது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் கரையோர நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் நெல்வயல்கள் பலவற்றில் புகுந்த கடல்நீர் திரும்ப வடியவில்லை. உவர்மண் யாது என்னும் வினாவுக்கு, மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசி சீமென்ஸைக் கடந்த மண் என்று எழுதி மாணவர் முழு மதிப்பெண் பெறலாம். அதே மாணவரை இங்குள்ள வரப்பில் நிறுத்துங்கள். எந்த ஆழத்தில் மண் எடுப்பது, எத்தனை இடங்களில் எடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அளந்தபின், என்ன பயிரிடலாம் என்று உழவருக்கு விளங்கச் சொல்லட்டும். இதற்குப் பணச்செலவு மிகுதியில்லை. ஆசிரியரின் நேரந்தான் செலவாகும். அதனைத் தர நிருவாகங்கள் ஏனோ தயங்குகின்றன.

முதலாண்டிலும் இறுதியாண்டிலும் இப்பணியையே கொடுத்து, இரு குறிப்பேடுகளையும் தரச்சான்றுக் குழுவின் முன் வைக்கலாம். இறுதியாண்டுக் குறிப்பேட்டிலும் மண் எடுத்த ஆழம் குறிக்கப்படவில்லையெனில், களப்பயிற்சிக்குரிய நேரத்தை உயர்த்துவதே பாடக்குழுவின் அடுத்த வேலையாகும்.