மூன்று ஆணி, ஐந்து காயம், ஒரு பூ

வேலியோரம் படரும் சிறுபூனைக்காலியை நேயர்கள் பலர் பார்த்திருப்பார்கள். வலைப்பைக்குள் போட்டுவைத்ததுபோல் சின்னஞ்சிறு காய் தொங்கும். நம் மலைப்பக்கத்துத் தாட்பூட் பழமும், இலங்கையில் கொடித்தோடை என்று விற்கிற பழமும் இதே இனம்தான். எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொடிகள். இந்த இனத்துப் பூவை உள்ளபடி வரைவதற்கு ஐரோப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல.

1609-ஐ ஒட்டிய ஆண்டுகள். ரோமாபுரியில் ஜாக்கோமோ போசியோ என்ற அறிஞர் சிலுவையைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்த துறவி ஒருவர் ஒரு பூவின் படத்தை அவரிடம் காட்டினார். நடுவில் நிற்கும் தண்டு இயேசுவைக் கட்டி அடித்த கற்றூண். உச்சியில் பிரியும் மூன்று சூல்தண்டுகள் ஆணிகள். ஐந்து மகரந்தத்தாள்கள் ஐந்து திருக்காயங்கள். சுற்றியிருக்கும் இழைவட்டம் முள்முடி. அதற்கு 72 முள் என்று கணக்கு. சுருளும் பற்றுக்கம்பிகள் சாட்டைகள்.

போசியோவுக்கே இது நம்பும்படியாக இல்லை. மேலும் படங்களும் சாட்சிகளும் வந்த பிறகுதான் நூலில் சேர்த்தார். சேர்த்த பூவோ மணிபோல் குவிந்திருந்தது. மலர்ந்த பூவை அவர் கண்ணால் கண்டதில்லை.

இருபது ஆண்டு கழித்து லண்டன் மருந்தாளர் ஜான் பார்க்கின்சன் இதற்குப் பதில் கொடுத்தார். 1629-இல் வந்த தம் தோட்டநூலில், வர்ஜீனியாவிலிருந்து வந்த கொடியை உள்ளபடி வரைவித்தார், அதோடு நிற்கவில்லை. முள்முடியும் ஆணியுமாக இயேசு சபையார் பரப்பிய படத்தையும் சேர்த்து அச்சிட்டு, இது பொய் என்று சாடினார். சாடலில் சமயக் காரமும் உண்டு. ஆனாலும் 'பாடுகளின் பூ' என்ற பழைய பெயரை அவரால் அழிக்க முடியவில்லை. 1753-இல் லின்னேயஸ் நூலில் நிலைபெற்ற பாஸிஃப்ளோரா என்ற பெயருக்குப் பொருளும் அதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து, மூன்று, நடுத்தண்டு என்று துறவிகள் எண்ணிச் சொன்னது சரி. பக்திதான் அவர்களை அவ்வளவு கூர்ந்து பார்க்க வைத்தது. முள்முடிக்காக இழையை முள்ளாக வரைந்த இடத்தில்தான் கை தவறியது.

அந்த 'ஆணிகள்' அசைபவை என்பதை அந்தப் படங்கள் காட்டவில்லை. பூ விரியும்போது மூன்று சூல்தண்டுகளும் நிமிர்ந்து நிற்கும். சில மணி நேரத்தில் பெரும்பாலான பூக்களில் அவை வளைந்து, கீழ்நோக்கியிருக்கும் மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கிவிடும். இழைவட்டத்தின் அடியில் தேன். அதைக் குடிக்கக் கருவண்டு தலையை நுழைத்து வட்டமாக நகரும்போது, அதன் முதுகுக்குச் சரியான உயரத்தில் அவை காத்திருக்கும்.

இந்தியாவுக்கு வந்த இதே பூவுக்குக் கிருஷ்ணகமலம் என்று பெயர். இங்கே ஐந்து தாள்கள் பாண்டவர், மூன்று சூல்தண்டுகள் மும்மூர்த்திகள், இழைகள் கௌரவர் 100 பேர். பூவைக் கையில் வைத்து இழைகளை எண்ணினால் வகைக்கு ஒரு கணக்கு வரும். போசியோவின் 72-க்கும் அது அடங்காது, நம் நூற்றுக்கும் அடங்காது.