முதல் தவணை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் அதைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. கடனைப் பற்றிப் பேசப்போகிறோம். எங்கள் வகுப்பு கொடுத்த கடனைப் பற்றி.

2015இல் ரொறன்ரோ, லண்டன், கொழும்பு என்று சிதறியிருந்த நாங்கள் காசு சேர்த்து ஒரு சுழல்நிதி தொடங்கினோம். வன்னியில் ஒரு கிராமத்து மாதர் சங்கம் மூலம் பெண்களுக்குச் சுயதொழில் கடன். தையல், இடியப்பம், கோழி, ஒடியல். கடன் எடுத்தவர்களில் பலர் கணவரை இழந்தவர்கள், அல்லது இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். எங்களுக்கு முன்மாதிரி யார் என்று நீங்களே ஊகிப்பீர்கள். பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976இல் பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் கொடுத்த கதையை நாங்களும் படித்திருந்தோம். 2006இல் அவருக்கும் கிராமின் வங்கிக்கும் சமாதான நோபல் கிடைத்ததும் தெரியும். அந்த முறையையே எடுத்தோம். ஐந்து பேர் ஒரு குழு, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு, கிழமைக்கு ஒரு தவணை.

ஒரு சதம்கூடப் பிந்தவில்லை. நூறு வீதம் என்று அடுத்த வருட ஒன்றுகூடலில் வாசித்தோம். நீங்கள் கைதட்டினீர்கள்.

2017இல் ஒரு நாள் எங்கள் கிளினிக்குக்கு நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் வந்தார். பிறசர் 180க்கு 110. கொப்பியைப் புரட்டினால், மூன்று கிளினிக்குக்கு வரவில்லை. ஏசத்தான் வாயைத் திறந்தோம்.

"வியாழக்கிழமை லோன் கூட்டம் டொக்டர். கிளினிக்கும் வியாழன்தானே. கூட்டத்துக்குப் போகாட்டி மற்ற நாலு பேரும் வாசலிலை வந்து நிப்பினம்."

எந்தக் கம்பனி என்று கேட்டோம். கம்பனி இல்லை, மாதர் சங்கம், வெளிநாட்டிலை இருக்கிற படிச்ச பிள்ளையள் குடுத்த காசு என்றார். நல்ல பிள்ளையள் என்றும் சொன்னார்.

அது எங்கள் காசு என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போய்க் கணக்கைக் கேட்டோம். அவர் எங்களிடம் எடுத்தது 30,000 ரூபா. கூடு, ஐம்பது குஞ்சு, தீன். கிழமைக்கு 630 ரூபாவாக ஐம்பது கிழமை கட்ட வேண்டும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து மாதம் செல்லும். எங்கள் முதல் தவணையோ எட்டாம் நாள்! வீட்டில் கோழி வளர்த்த எவருக்கும் விளங்கும் இந்தக் கணக்கு, பட்டம் பெற்ற எங்களுக்கு விளங்கவில்லை. முதலில் கூலி வேலைக்குப் போய்க் கட்டியிருக்கிறார். பிறகு தோட்டை அடகு வைத்தார். பிறகு பன்னிரண்டு கோழியை முட்டையிட முன்னரே இறைச்சிக்கு விற்றார். கடைசியில் ஒரு நிதிக் கம்பனியில் 50,000 எடுத்து, அதிலிருந்து எங்கள் 630ஐக் கட்டினார். நாங்கள் வாசித்த நூறு வீதம் இதுதான்.

அந்தக் கம்பனி 24 வீத வட்டி என்று சொன்னதாம். 50,000க்கு 12,000 வட்டி, 52 கிழமைத் தவணை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழமைக்குக் கிழமை முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழு 50,000க்கும் கணக்கிடப்படுகிறது. உண்மையில் அது 40 வீதத்தைத் தாண்டும். கணிதம் படிப்பித்த ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார், பிழையென்றால் திருத்தட்டும்.

போர் முடிந்த பின் இப்படிப்பட்ட கடன்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது உங்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாமலிருந்த, ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பும் வந்தது. 35 வீதமே நிவாரணம் என்றால் அதற்கு முந்திய நிலையை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பிழையைக் கம்பனிகளின் தலையில் போட இதைச் சொல்லவில்லை. எங்கள் வட்டி ஐந்து வீதம். வட்டியைக் குறைத்தால் போதும் என்று நினைத்திருந்தோம், நாளைப் பார்க்கவில்லை. கொல்கத்தாவில் கடன் எடுத்த பெண்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. கிழமைத் தவணைக்குப் பதிலாக மாதத் தவணை கட்டியவர்களில், கடனை நினைத்துப் பதற்றப்படுவதாகச் சொல்வது 51 வீதம் குறைந்திருந்தது. எங்களிடம் இதைச் செய்யும் மாத்திரை இல்லை. அதே நகரில் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிப் பார்த்தபோது, பெண்கள் தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், இலாபமும் கூடியது. கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"பெண்ணுக்குக் கொடுத்தால் புருஷன் எடுத்துக்கொள்வான்" என்று அக்காமார் சிலர் அப்போதே எச்சரித்தீர்கள். அதிலும் உண்மை உண்டு. களுத்துறை, காலி, மாத்தறையில் 2005 முதல் சிறு தொழில் செய்வோருக்குப் பணமும் பொருளும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஆண்களின் இலாபம் கூடியது, பெண்களின் இலாபம் சராசரியாகக் கூடவில்லை. பின்னர் அந்தத் தரவுகளைத் திரும்பப் பார்த்தவர்கள், பெண்ணின் காசு வீட்டில் உள்ள இன்னொரு தொழிலுக்குள், பெரும்பாலும் கணவனுடையதற்குள், போயிருக்கக் கண்டார்கள். வீட்டில் அவள் தொழில் மட்டுமே இருந்த இடங்களில் அவளும் ஆணுக்கு நிகராகச் சம்பாதித்தாள். எங்கள் கிராமத்தில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான்.

2019இல் முறையை மாற்றினோம். இடியப்பம் அவிப்பவர் அன்றன்றே காசைக் காண்பார், அவர் விரும்பினால் கிழமைக்குக் கட்டலாம். கோழிக்கு ஆறாம் மாதம் முதல் தவணை. ஒடியலுக்குப் பங்குனியில், கிழங்கு கிண்டிக் காயவைத்து விற்ற பிறகு. குழுப் பொறுப்பை எடுத்துவிட்டோம். வேறு எங்கே கட்டுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். கம்பனிக் கடனில் மூழ்கியிருப்பவருக்குக் கடன் இல்லை, முடிந்தால் திருப்பித் தர வேண்டாத உதவி. 2022இல் தீன் விலை ஏறியபோது எல்லாத் தவணைகளையும் நிறுத்தி வைத்தோம்.

அந்தப் பெண்ணிடம், நிதி எங்களுடையது என்று பிறகு ஒரு நாள் சொன்னோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "அப்ப அந்த வியாழக்கிழமையை வச்சது நீங்கள்தானோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இப்போது அவரிடம் முப்பது கோழி நிற்கிறது. பிறசர் இன்னும் சரியாக இறங்கவில்லை, மருந்தை மாற்றியிருக்கிறோம். நிதியில் இன்று 23 பேர். ஆறு பேர் பிந்தியிருக்கிறார்கள், இருவரிடமிருந்து காசு வரும் என்று தோன்றவில்லை. நூறு வீதம் என்று இம்முறை வாசிக்க முடியாது. கணக்குக் கொப்பி வெளியே மலர் விற்கும் மேசையில் இருக்கிறது. காசு தரும் எண்ணத்தோடு வந்தவர்கள், முதலில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களிடம் கேள்வி கேளுங்கள்.