டாட்டோர்ட் முதல் எபிசோட்: போகக் கூடாத இடத்துல ஒரு கேஸ்

இன்னைக்கு ஒரே ஒரு எபிசோடைப் பத்தி மட்டும் பேசப் போறோம். ஜெர்மனியில 1970ல ஆரம்பிச்சு இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கற ஒரு துப்பறியும் தொடரோட முதல் எபிசோட்.

தொடரோட பேரு 'டாட்டோர்ட்'. ஜெர்மன்ல 'குற்றம் நடந்த இடம்'னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரி இடம்தான் இதுல முக்கியம். இதை ஒளிபரப்புற ஏ.ஆர்.டி., பல மாநில சேனல்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. ஒவ்வொரு சேனலும் தன்னோட ஊர்ல, தன்னோட போலீஸ்காரரை வெச்சு ஒரு படம் எடுத்துக் கொடுக்கும். ஒரு வாரம் ஹாம்பர்க், இன்னொரு வாரம் மியூனிக். ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம், தனிக் கதை. நடுவுல ரெண்டு வருஷம் பார்க்காம விட்டாலும் ஒண்ணும் குடி முழுகிடாது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். 1970 நவம்பர் 29, ஞாயித்துக்கிழமை, முதல் எபிசோட் வந்துச்சு. பேரு 'டாக்சி நாஹ் லைப்சிக்', அதாவது லைப்சிக்குக்கு ஒரு டாக்சி. இதுல என்ன வேடிக்கைன்னா, 'குற்றம் நடந்த இடம்'னு பேர் வெச்ச தொடரோட முதல் கதையிலயே, ஹீரோ குற்றம் நடந்த இடத்துக்குப் போகக் கூடாது!

ஏன்னு புரியணும்னா அன்னைக்கு இருந்த ஜெர்மனியைக் கொஞ்சம் பார்க்கணும். நாடு ரெண்டா இருந்துச்சு. மேற்கு ஒரு நாடு, கிழக்கு ஒரு நாடு. பெர்லின் நகரம் இருந்தது கிழக்கு ஜெர்மனிக்கு நடுவுல. அந்த நகரத்தோட மேற்குப் பாதி மட்டும், சுத்தி வேற நாடு இருக்கற ஒரு தீவு மாதிரி. பெர்லின் சுவர் எழும்பி அப்போ ஒன்பது வருஷம் ஆகியிருந்துச்சு. மேற்கு ஜெர்மனியில இருந்து மேற்கு பெர்லினுக்கு கார்ல போகணும்னா, கிழக்கு ஜெர்மனி வழியாப் போற குறிப்பிட்ட நெடுஞ்சாலைகள்லதான் போகணும். 'ட்ரான்சிட்' ரோடுன்னு சொல்வாங்க. அதை விட்டு வெளிய இறங்கக் கூடாது. ஊருக்குள்ள போய் சொந்தக்காரங்களை எட்டிப் பார்த்துட்டு வர்றதெல்லாம் நடக்காது.

கதையில, லைப்சிக் பக்கத்துல அப்படி ஒரு ரோட்டு ஓரமா ஒரு சின்னப் பையனோட உடல் கிடைக்குது. யாருன்னு தெரியல. ஆனா கால்ல போட்டிருக்கற ஷூ மேற்கு ஜெர்மனியில செஞ்சது. அதனால கிழக்கு அதிகாரிகள் மேற்குகிட்ட உதவி கேட்டு ஒரு கடிதம் அனுப்பறாங்க. கொஞ்ச நாள்லயே, "வேண்டாம், விட்டுடுங்க"ன்னு அவங்களே வாபஸ் வாங்கிடறாங்க.

இங்கதான் ட்ரிம்மல் உள்ள வர்றார். ஹாம்பர்க் கொலைப் பிரிவு அதிகாரி. வயசானவர், பருத்த உடம்பு, வாயில சுருட்டு. "கேட்டாங்க, அப்புறம் வேண்டாம்னாங்க. ஏன்?" இந்த ஒரு கேள்வி அவரைத் தூங்க விடல. உத்தரவு கிடையாது, அதிகாரம் கிடையாது. கார் எடுத்துக்கிட்டு ட்ரான்சிட் ரோட்டுல கிளம்பிடறார். நடுவழியில வண்டி ரிப்பேர்னு சீன் போட்டு, ஒரு டாக்சியைப் பிடிச்சு லைப்சிக் போயிடறார். தலைப்பு அங்கிருந்துதான்.

இனிமே கதையோட முடிச்சைச் சொல்லப் போறேன். பார்க்கணும்னு நினைக்கறவங்க இங்கயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க.

மேற்குல லாண்ட்ஸ்பெர்கர்னு ஒருத்தர். அவரோட மகன் கிறிஸ்டியானுக்கு ரத்தப் புற்றுநோய். லைப்சிக்ல ஏவான்னு ஒரு பெண், அவளுக்கும் இதே லாண்ட்ஸ்பெர்கர் மூலமா ஒரு பையன். அவன் ஆரோக்கியமா இருக்கான். ரோட்டோரம் கிடந்தது கிறிஸ்டியான். 'கிறிஸ்டியான்'ங்கற பேர்ல இப்போ மேற்குல வளர்றது ஏவாவோட பையன். குழந்தைகளை மாத்திட்டாங்க.

கிறிஸ்டியான் எப்படி இறந்தான்ங்கறதை நான் சொல்ல மாட்டேன். அதை ட்ரிம்மல் வாயைக் கிளறி வாங்கறதைப் படத்துலயே பாருங்க. என் மனசுல நின்னது ஏவாதான். பெத்த பிள்ளையை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டா. அவன் நல்லா இருப்பான்னு ஒரு நம்பிக்கை இருக்கலாம். ஆனா அவனைப் போய்ப் பார்க்க முடியாது. அவனுக்கு வேற பேர், வேற வாழ்க்கை. ஒரு ரோட்டையும் ஒரு சோதனைச் சாவடியையும் நடுவுல வெச்சுட்டா, ஒரு அம்மா எந்த அளவுக்குப் போவா? இந்தப் படம் அதை அழுது புலம்பாமக் கேக்குது.

இன்னொண்ணு. ட்ரிம்மல் உண்மையைக் கண்டுபிடிக்கணும்னு நாமளும் ஆசைப்படறோம். துப்பறியும் கதைன்னா அதுதானே? ஆனா உண்மை வெளிய வந்தா, உயிரோட இருக்கற அந்தப் பையன் எந்தப் பக்கம் போவான்? அவனை யாரும் கேக்கல. மாத்தும்போதும் கேக்கல, துப்பறியும்போதும் கேக்கல. இதை யோசிச்சதுக்கு அப்புறம் ட்ரிம்மல் மேல முன்ன இருந்த அதே பிரியம் எனக்கு இல்ல. அவரோட பிடிவாதத்துல நியாயமும் இருக்கு, கொஞ்சம் அகம்பாவமும் இருக்கு.

படத்துக்கு அப்புறம் நடந்ததும் ஒரு கதைதான். 'டாட்டோர்ட்' வந்த அடுத்த வருஷமே, 1971ல, கிழக்கு ஜெர்மனி டிவி 'போலிட்சைரூஃப் 110'னு தன்னோட போலீஸ் தொடரை ஆரம்பிச்சுது. 110ங்கறது அங்க போலீஸைக் கூப்பிடற நம்பர். சுவர் இடிஞ்சுது, நாடு ஒண்ணாச்சு, அந்தத் தொடர் மட்டும் சாகல. இன்னைக்கு ரெண்டும் ஒரே சேனல்ல, அதே ஞாயித்துக்கிழமை ராத்திரி 8.15 மணிக்கு மாறி மாறி வருது. 2016ல 'டாட்டோர்ட்' ஆயிரமாவது எபிசோடை எட்டினப்போ, அதுக்கும் 'டாக்சி நாஹ் லைப்சிக்'னே பேர் வெச்சாங்க. அந்த டாக்சியை எல்லையில நிறுத்த யாரும் இல்ல.

முதல் எபிசோடைப் பார்க்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: படம் மெதுவாப் போகும். முதல் இருபது நிமிஷம் பொறுமையா இருங்க. பார்த்து முடிச்சதும், ட்ரிம்மல் போனது சரியா தப்பான்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல உங்க பதில்களோட வர்றேன்.